பகடையில் போன நாரைக் கோட்டை

ஹெர்னிங், டிசம்பர் 30

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் லிஸ்பெத் ஹோல்கோர் அவர்களுக்கு,

எஸ்பென் குவிஸ்ட் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம். தாங்களும் தங்கள் கணவரும் தங்கள் முன்னறையை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்த நாலாயிரம் துண்டுக் கப்பலும் நலமாக இருக்க வேண்டும், குறைந்தது இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரைக்குமாவது. கிறிஸ்துமஸ் தங்களுக்கு இனிதே கழிந்திருக்கும். எனக்குக் கழியவில்லை. மரியாதைக்கு இவ்வளவு போதும், விஷயத்துக்கு வருகிறேன்.

பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி மாதிரிகள் கட்டும் நம் கட்டைச் சங்கத்தின் காலாண்டிதழில் தோர்கில் எழுதும் விமர்சனங்களைக் கண்டித்து இரண்டு வருடத்தில் பதினான்கு கடிதம் போட்டவன் நான்தான். எந்தப் பொம்மைப் பெட்டி வந்தாலும் ஆறுக்கு ஆறு நட்சத்திரம் போடுகிற மனிதர் அவர். காலிப் பெட்டி அனுப்பினாலும் "கற்பனைக்கு நிறைய இடம் விட்டிருக்கிறார்கள்" என்று எழுதுவார். பதினான்காவது கடிதத்துக்கு நீங்கள் இரண்டே வரியில் பதில் போட்டீர்கள்: "குறை சொல்ல உங்களுக்கு நன்றாக வருகிறது, இந்த முறை பக்கத்தை நீங்களே எழுதுங்கள். ஜனவரி மூன்றுக்குள் வராவிட்டால் பக்கம் தோர்கிலுக்கே, கடிதங்களும் போதும்." அந்தப் பக்கத்தை எழுதத்தான் இரண்டு வருடமாகக் காத்திருந்தேன். எனவே கீழே வருவதைச் சாக்கு என்று எடுத்துக்கொள்ளாமல் விளக்கம் என்று எடுத்துக்கொள்ளவும்.

விமர்சனத்துக்கு நீங்கள் சொன்ன பெட்டி, மோல்பியர் பொம்மைக் கம்பெனி தன் பழைய நாரைப் படைக் கோட்டைக்கு நாற்பது வருடம் ஆனதைக் கொண்டாட விட்ட இலவசப் பெட்டி. ஒரு வாசல் கோபுரம், ஏறி இறங்கும் பாலம், இரண்டு வீரர்கள், ஒரு குதிரை, நாரைக் கொடி, மொத்தம் நூற்று அறுபத்து நான்கு துண்டுகள். தனியாக விலைக்குக் கிடைக்காது, தொள்ளாயிரம் குரோனருக்குச் சாமான் வாங்கினால்தான் கையில் தருவார்கள். தீயணைப்பு வண்டி ஒன்றும் பிளாஸ்டிக் டுலிப் கொத்து ஒன்றும் வாங்கினேன், இரண்டுமே எனக்குத் தேவையில்லை. இருபத்தைந்தாம் தேதி மாலை அம்மா வீட்டுக்குப் போனவன், பெட்டியைச் செருப்பு அலமாரி மேல் வைத்தேன். அது என் தவறு. அந்த ஒரு தவறை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் மதியம் வழக்கம்போல அம்மா வீட்டில் குடும்பச் சாப்பாடு: ஊறவைத்த ஹெர்ரிங் மீன், கறுப்பு ரொட்டி, ஈரல் பசை, குட்டிக் கிளாஸில் சாராயம், அதற்குப் பிறகு பொட்டல ஆட்டம். உங்கள் வீட்டிலும் ஆடியிருப்பீர்கள், ஆளுக்கு மூன்று பொட்டலம், எதுவும் ஐம்பது குரோனருக்கு மேல் போகக்கூடாது, எல்லாவற்றையும் மேஜை நடுவில் குவித்து, பகடையில் ஆறு விழுந்தவர் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும், குவியல் தீர்ந்ததும் ஆறு விழுந்தவர் அடுத்தவரிடமிருந்து பிடுங்கலாம், எங்கோ ஒளித்துவைத்த முட்டை வேகவைக்கும் டைமர் மணியடிக்கும்போது யார் முன்னால் எது இருக்கிறதோ அது அவருடையது, அதுவரை பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது. பார்க்கக் குழந்தை விளையாட்டு. எங்கள் வீட்டில் அது போர். டோர்த்தே அத்தை மணிக்கட்டைச் சொடுக்கிக்கொண்டுதான் உட்காருவார். என் தங்கை சிக்னே ஒரு மெழுகுவர்த்திக்காக என் விரலைக் கடித்திருக்கிறாள், அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது.

நான் பால் பெட்டிகளுக்கு மூடி செய்யும் தொழிற்சாலையில் பிளாஸ்டிக் வார்க்கும் அச்சு வடிவமைக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். எந்தப் பிளாஸ்டிக் எப்படிச் சத்தம் போடும் என்பது என் காதுக்குத் தெரியும். குவியல் தீர்ந்து பிடுங்கல் ஆரம்பித்தபோது என் யோர்ன் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, தன் முன்னால் இருந்த தட்டையான பொட்டலம் ஒன்றை எடுத்துக் காதருகே குலுக்கினார். உள்ளே கட்டைகள், சந்தேகமே இல்லை. செருப்பு அலமாரியை எட்டிப் பார்த்தேன். டுலிப் இருந்தது, வண்டி இருந்தது, மூன்றாவது இல்லை.

"அம்மா, அங்க ஒரு பெட்டி இருந்துதே?"

"எனக்கு ஒரு பொட்டலம் குறைஞ்சுது. அதைத்தான் சுத்திட்டேன்."

"அது என்னோடதும்மா!"

"பெட்டி மேலயே எழுதியிருக்கேடா, 'அன்பளிப்பு, விற்பனைக்கு அல்ல'ன்னு. அம்பது குரோனருக்குள்ளதானே அப்போ?"

இந்தத் தர்க்கத்தில் எனக்கு இன்றுவரை ஓட்டை கிடைக்கவில்லை. ஆனால் நான் செய்த பெரிய முட்டாள்தனம், சத்தமாகக் கத்தியதுதான். அதுவரை அந்தப் பொட்டலத்தை யாரும் சீண்டவில்லை. நான் கத்தியதும் மேஜையே அதன் பக்கம் திரும்பியது. சிக்னேவுக்கு ஆறு விழுந்தது, பிடுங்கினாள். அத்தைக்கு ஆறு விழுந்தது, சிக்னேவிடமிருந்து பிடுங்கினார். "உள்ள என்னடா, தங்கமா?" என்றார். எனக்கு ஒன்று, மூன்று, ஒன்று, இரண்டு, ஒன்று. பகடையில் கோளாறு என்று ஆட்சேபித்தேன். "பகடைக்கும் மூடி போடணுமா?" என்று கேட்டார் மாமா. அவர் பால் டேங்கர் ஓட்டுகிறவர். நான் வடிவமைத்த மூடியைத் திறக்க இடுக்கி வேண்டியிருக்கிறது என்று மூன்று வருடமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கடைசியில் எனக்கும் ஆறு விழுந்தது, பாய்ந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன், அடுத்த பகடை மாமாவுடையது, ஆறு, அவர் ஒரு நுனியை இழுக்க நான் மறு நுனியை விடாமல் பிடித்திருக்க, அம்மா "விடுடா, இருபத்தாறு வயசு ஆகுது" என்று என் கையில் தட்ட, விட்டேன், காபிக் கெண்டியின் உறைக்குள்ளிருந்து மணி அடித்தது.

மாமா தாளைப் பிரித்தார். பெட்டியில் நாரைக் கொடியைப் பார்த்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார்.

"அக்கா, என் கோட்டைய நீ என்ன பண்ணே, ஞாபகம் இருக்கா?"

"ஆரம்பிச்சுட்டியா."

"நான் பட்டாளத்துல இருந்தேன். இவ பரண் சுத்தம் பண்றேன்னு சாரணர் பசங்களோட பழைய சாமான் சந்தையில கொண்டுபோய்க் குடுத்துட்டா. பாலம், குதிரை, பதினோரு ஆளு. எனக்கு லெட்டர் போட்டா, 'பரண் இப்ப எவ்வளவு விசாலமா இருக்கு தெரியுமா'ன்னு."

"தூசியா கெடந்துதுடா!"

"முப்பது வருஷம் கழிச்சு திருப்பிக் குடுத்திருக்கா. ரொம்ப நன்றி அக்கா."

நான் நிலைமையை விளக்கினேன். உங்கள் பெயரைச் சொன்னேன், ஜனவரி மூன்றைச் சொன்னேன், தோர்கிலைச் சொன்னேன். தீயணைப்பு வண்டியும் டுலிப்பும் தருகிறேன் என்றேன். ஆட்டம் ஆட்டம்தான் என்றார் மாமா, ஒரு நிபந்தனையும் போட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், துண்டுகளைத் தொடக்கூடாது, அவர் கட்டுவார், பதிலுக்கு அவர் சொல்லும் ஒரு வரி பத்திரிகையில் வர வேண்டும். நம் பத்திரிகை பால் வண்டிக்காரர்களுக்கானது அல்ல என்று தெளிவாகச் சொன்னேன். "அப்போ மூடிக்காரங்களுக்கா?" என்றார். ஆக, உலகிலேயே துண்டைத் தொடாமல் விமர்சனம் எழுதிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அவர் கட்டிய விதத்தையும் கேளுங்கள். வழிகாட்டிப் புத்தகத்தை மூடித் தட்டுக்கு அடியில் வைத்தார். துண்டுகளை நிறவாரியாகப் பிரிக்கவில்லை. குதிரையை மேஜையிலிருந்து மூன்று முறை கீழே போட்டுப் பார்த்து "உறுதி" என்றார். கோபுரத்தின் ஒரு ஜன்னலை வெளிப்பக்கம் பார்க்க வேண்டியதை உள்பக்கம் வைத்து, காவல்காரனுக்குக் குளிராது என்றார். பாலத்தைத் தூக்கும் கயிற்று உருளை வந்தபோதுதான் என் பொறுமை போனது. அதற்கு மட்டும் அவர் புத்தகத்தைத் திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்துக்கு மூக்கு படுகிற மாதிரி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார், இருந்தார், இருந்தார்.

"குடுங்க மாமா, நான் இன்ஜினியர்."

"இல்லடா, இந்தப் பல்லு எந்தப் பக்கம்னு..."

பிடுங்கி நானே சொருகிவிட்டேன். பதினைந்து வினாடி. நான் தொட்ட ஒரே இடம் அது. பிறகு பாலத்தைத் தூக்கினோம். பாதியில் நின்றது. மறுபடி தூக்கினோம். மறுபடி பாதி. மாமாவின் முகம் சுருங்கியதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது, ஆனால் விமர்சகனுக்கு இரக்கம் ஆகாது. கவலைப்பட வேண்டாம், இது வடிவமைப்புக் கோளாறு, அச்சில் எழுதி நாறடிக்கிறேன் என்று ஆறுதல் சொன்னேன். அவர் கோட்டையைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது அந்த ஒரு வரியையும் சொல்லவில்லை.

இனி விமர்சனம். இதை அப்படியே அச்சிடலாம்.

நாற்பது வருடத்துக் கோட்டையைக் கௌரவிக்கிறேன் என்று வாசலை மட்டும் கொடுப்பது, கல்யாணச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு ஊறுகாயோடு அனுப்புவது. சாம்பல் நிறம் பழைய சாம்பல் இல்லை. பழையதில் லேசான மஞ்சள் இருந்தது, இதில் நீலம் அடிக்கிறது. கட்டைகளின் பிடிப்பு நன்று, வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன் (அளவுகோலால் தொட்டால் தொட்டதாகாது என்று மாமாவே ஒப்புக்கொண்டார்). கேடயத்தில் நாரையை ஸ்டிக்கராக ஒட்டாமல் நேரடியாக அச்சிட்டிருக்கிறார்கள், அதற்கு ஒரு நட்சத்திரம். குதிரைக்கு ஒன்று. ஆனால் பாலம்! கோட்டை வாசலில் பாலத்துக்கு இருப்பது ஒரே வேலை, ஏறுவதும் இறங்குவதும். இந்தப் பாலம் நாற்பது டிகிரியில் நின்றுவிடுகிறது, காரணம் உருளையின் பல் கயிற்றை மறித்துக்கொள்கிறது. முதல் வருட மாணவன்கூடச் செய்யாத பிழை. இதை வடிவமைத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு உருளை எது, உருளைக்கிழங்கு எது என்று யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். சிறுவயதுக் கோட்டையை இழந்து முப்பது வருடம் காத்திருந்த மனிதர்களுக்கு முன்னால் பாதி ஏறும் பாலத்தை நீட்டுவது வெறும் தொழில்நுட்பப் பிழை அல்ல, கல்நெஞ்சம். ஆறுக்கு இரண்டு நட்சத்திரம். தோர்கில் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

தங்களுக்கும் குடும்பத்தாருக்கும் பிறக்கப்போகும் வருடம் எல்லா நலமும் தரட்டும், தங்கள் கப்பலில் தூசி படியாதிருக்கட்டும், பூனை மோதாதிருக்கட்டும். தங்கள் கணவருக்கு என் அன்பைச் சொல்லவும். அடுத்த இதழிலிருந்து பக்கத்தின் தலைப்பில் என் பெயரை எந்த அளவு எழுத்தில் போடுவீர்கள் என்பதையும் தெரிவித்தால் நன்று.

தங்கள் உண்மையுள்ள,
எஸ்பென் குவிஸ்ட்
அச்சு வடிவமைப்பாளர்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போன நேரத்தில் வாசல் மணி அடித்தது. யோர்ன் மாமா. கையில் கோட்டை. உள்ளே வந்து மேஜையில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினார். பாலம் முழுக்க ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. "எப்படி?" என்றேன். "உருளைய யாரோ தலைகீழா சொருகியிருந்தாங்கடா" என்றார். யார் என்று அவர் சொல்லவில்லை, சொல்லாமல் பாலத்தை மட்டும் இன்னும் ஏழெட்டு முறை ஏற்றி இறக்கினார், அது சொன்னதைவிட மோசம். பிறகு மேலே உள்ள விமர்சனத்தை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முழுக்கப் படித்தார். உருளைக்கிழங்கு வந்த இடத்தில் சிரித்துச் சிரித்துச் சாராயக் கிளாஸைத் தட்டிவிட்டார்; மூன்றாம் பக்கத்தில் இருக்கும் கறை அதுதான். சிறுவயதுக் கோட்டையை இழந்தவர்கள் வந்த இடத்தில் சிரிக்கவில்லை. "நல்லாத்தான் எழுதுற" என்றார், "ஆனா தப்பு."

ஆகவே மேலே உள்ள விமர்சனத்தை அச்சிட வேண்டாம். அதற்குப் பதில் மாமா இப்போது சொன்ன வரி: "பாலம் ஏறுது, எறங்குது, ஜன்னல் உள்பக்கம் வச்சா காவல்காரனுக்குக் குளிராது, ஆறு நட்சத்திரம்." பக்கத்துக்கு இது போதாது என்றால் நாங்கள் இருவரும் சேர்ந்து நீட்டித் தருகிறோம், இரண்டாம் தேதிக்குள். தோர்கிலுக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். யார் பெயர் முதலில் வருவது என்று இப்போதுதான் பகடை போட்டோம். மாமாவுக்கு ஆறு விழுந்தது.