சுவரில் ஏறிய மாமியார்

சலவை இயந்திரம் மூன்று முறை கூவி ஓய்ந்த பிறகுதான் செயலாளருக்குத் தன் சட்டைப்பை நினைவுக்கு வந்தது. பதறி ஓடி மூடியைத் திறந்தார். பைக்குள் விரலை விட்டபோது கூழாகிப்போன காகிதம் உருண்டையாக வந்தது.

"என்னங்க அது?" என்றாள் மனைவி.

"ஐயாவோட சம்சாரம்" என்றார் செயலாளர்.

ஐயாவின் மனைவி இறந்து பத்து வருஷமாகிறது. அவர் பெயரில் ஐயா ஒரு நினைவு அறக்கட்டளை நடத்துகிறார். கடல் கடந்த ஒரு நாட்டில், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளைப் படிக்க வைப்பதும் அவர்களுக்கு வீடு கட்டித் தருவதும் அதன் வேலை. நம்மவர் அதில் மூன்று வருஷமாகச் செயலாளர். பெயர்தான் பெரிது. கடிதம் எழுதுவதும் அவர்தான், நாற்காலி துடைப்பதும் அவர்தான்.

புதிதாகக் கட்டிய வீட்டுக்கு அடுத்த ஞாயிறு திறப்பு விழா. முன்சுவரில் அந்த அம்மாவின் முகத்தை வரைய வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நின்றார்கள். "நாங்க யாரு வீட்டுல இருக்கப்போறோம்னு எங்களுக்குத் தெரிய வேணாமா?" என்று ஒரு வாண்டு தொலைபேசியில் கேட்டதும் செயலாளர் அன்றே ஐயாவிடம் படம் கேட்டுப் போனார்.

ஐயா தயங்கித் தயங்கி ஓர் ஒட்டிய உறையைக் கொடுத்தார். "இருக்கறது இது ஒண்ணுதான் தம்பி. என் எதிர்ல பிரிக்காதீங்க, மனசு தாங்காது."

காலையில் செல்போனில் படமெடுத்து அனுப்பிவிடலாம் என்று செயலாளர் அதைப் பிரிக்காமலே சட்டைப்பையில் வைத்தார். அந்தச் சட்டைதான் இப்போது பளிச்சென்று வெளுத்திருக்கிறது.

"பேசாம உண்மையச் சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"ஒரே போட்டோடீ! அந்த மனுஷன் உடைஞ்சு போயிடுவாரு. நான் எந்த மூஞ்சியோட போய்ச் சொல்றது?"

மறுநாள் ஐயாவிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். "ஐயா, அம்மா பக்கவாட்டில நிக்கற மாதிரி வேற படம் ஏதாவது..."

ஐயாவின் முகம் வெளிறியது. "ஏன்? குடுத்ததுல என்ன குறை? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"சேச்சே, ஒண்ணுமில்லைங்கய்யா."

அன்று மாலையே விடுதிக் காப்பாளர் அம்மா அழைத்துவிட்டார். "சார், ஓவியர் ஏணி போட்டு உக்காந்திருக்காரு. இன்னைக்குப் படம் வரலைன்னா வேற வேலைக்குப் போயிடுவாராம்."

செயலாளர் வீட்டு அலமாரியைக் குடைந்தார். மாமியார் இளவயதில் எடுத்துக்கொண்ட படம் ஒன்று கிடைத்தது. முப்பது வயது, அடக்கமான சிரிப்பு. இன்றைய மாமியாருக்கும் அந்தப் படத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று அவருக்குத் தோன்றியது. அனுப்பிவிட்டார்.

மூன்றாம் நாள் சுவரின் படம் செல்போனுக்கு வந்தது. இரண்டு ஆள் உயரத்துக்கு மாமியார் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அச்சு அசலா எங்க அம்மாங்க!" என்றாள் மனைவி. பெருமைப்படுவதா, திட்டுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

செயலாளர் காப்பாளரை அழைத்தார். "ஒரு சின்னத் திருத்தம்மா. அவங்க கண்ணாடி போட்டிருப்பாங்க. தலையிலயும் கொஞ்சம் நரை இருக்கும்."

இப்படி மாற்றினால் ஜாடை போய்விடும் என்பது அவர் கணக்கு. முன்பு முப்பது வயது மாமியார் இருந்த இடத்தில் இப்போது அறுபது வயது மாமியார் வந்து நின்றார்.

"அந்தச் சிரிப்பையாவது எடுத்துடுங்கம்மா!"

சிரிப்பையும் எடுத்தார்கள். செயலாளர் வேலை விட்டு வீட்டுக்குள் நுழையும்போது மாமியார் தினமும் எப்படிப் பார்ப்பாரோ, சுவரும் அப்படியே அவரைப் பார்த்தது. அதற்குமேல் திருத்தம் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை ஐயா அழைத்தார். "நாளைக்குக் காலையில நம்ம வீட்டு டிவியில வீடியோ கால் போட்டு விழாவ நேரடியா பாக்கலாம். பிள்ளைங்களும் நம்மளப் பாக்கும். குடும்பத்தோட வந்துடுங்க."

போனை எடுத்தது மாமியார். சரி என்று சொல்லிவிட்டு, என்ன புடவை கட்டுவது என்ற யோசனையிலும் இறங்கிவிட்டார்.

"அத்தை, அங்க ரொம்ப நேரம் டிவி முன்னாடி உக்காரணும். உங்களுக்கு முதுகு வலிக்கும்."

"இங்க மட்டும் எது முன்னாடி மாப்பிள்ளை உக்காந்திருக்கேன்?"

ஐயாவின் கூடத்தில் ஒரு தூண் இருந்தது. செயலாளர் மாமியாரைப் பத்திரமாக அதன் மறைவில் உட்கார வைத்தார். தொலைக்காட்சியில் முப்பது பிள்ளைகள் வரிசையாக நின்று கையசைத்தார்கள். காப்பாளர் கயிற்றை இழுக்க, சுவரை மூடியிருந்த துணி விழுந்தது.

"அவளேதான்! அப்படியே அவளேதான்!" என்றார் ஐயா. துடைத்துக்கொண்டிருந்த மூக்குக்கண்ணாடியை அவர் இன்னும் மாட்டக்கூட இல்லை.

செயலாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் தூண் மறைக்கிறதென்று மாமியார் நாற்காலியோடு நகர்ந்து ஐயாவுக்கு நேர்பின்னால் வந்துவிட்டார். "அட, இது..." என்று எழுந்தே நின்றுவிட்டார்.

"டேய்! அந்தம்மா உயிரோட இருக்காங்கடா!" என்று டிவியில் ஒரு பையன் அலறினான்.

பாதிப் பிள்ளைகள் துள்ளினார்கள். மீதிப் பிள்ளைகள் காப்பாளரின் பின்னால் ஒளிந்தார்கள். "ஐயா, உங்க பின்னாடி இருக்கறது..." என்று காப்பாளர் விரலை நீட்டினார்.

ஐயா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்பினார். மாமியாரைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தரையைப் பார்த்தார். வேலை போகட்டும், இந்த மனிதரின் மனசு என்ன பாடுபடும் என்று நினைத்தபோதுதான் அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஐயா பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "இவங்க... என் மனைவிக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. குடும்ப ஜாடை!"

மாமியார் வாயைத் திறந்தார். அதற்குள் ஒரு சின்னப் பெண் கேமரா முன் வந்து, "அப்ப எங்களுக்குச் சின்னம்மாவா? எங்களப் பாக்க எப்ப வருவீங்க?" என்று கேட்டது.

மாமியார் வாயை மூடினார். பிறகு, "வரேன்டா கண்ணுங்களா, அடுத்த லீவுக்கே வரேன்" என்றார். அவர் குரல் தழுதழுத்ததைச் செயலாளர் கேட்டது அதுதான் முதல் தடவை.

விழா முடிந்ததும் செயலாளர் சமையலறைக்குப் போனார். ஐயாவின் தங்கை டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். தன்னைக் காட்டிக்கொடுக்காமல் இத்தனை பேர் முன்னால் ஐயா பொய் சொன்னதை நினைத்து நினைத்துச் செயலாளருக்குக் கண் கலங்கியது. இப்படிப்பட்டவரிடம் இனியும் மறைப்பது பாவம்.

"அம்மா, அந்தப் போட்டோ விஷயத்துல ஐயாகிட்ட நான் மன்னிப்பு..."

"ஐயோ, நீங்க எதுக்குத் தம்பி? அண்ணன்தான் உங்க மூஞ்சில முழிக்க முடியாம ரூம்ல போய்ப் படுத்துட்டாரு" என்றார் தங்கை கையைத் துடைத்துக்கொண்டே. "அண்ணி போட்டோவ அவரு தொலைச்சு ரெண்டு வருஷமாச்சு. புது ஃபிரேம் வாங்கும்போது கடைக்காரங்க உள்ளே அழகுக்கு ஒரு படம் வச்சிருந்தாங்கல்ல, அதைத்தான் உங்ககிட்ட உருவிக் குடுத்தாரு. அது உங்க மாமியார் படம்னு அவருக்கு எப்படித் தம்பி தெரியும்?"