மணப்பெண்ணும் மாஸ்கிங் டேப்பும்

சுவருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அதற்குக் கழுத்து கிடையாது. மூலைக்கு மூலை அடித்து முடித்தால் கூலியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏறுவதற்குள் கொழுந்தியாளின் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

இன்றைக்கு மட்டாஞ்சேரியில் மணப்பெண் அலங்காரம் என்றால் என் பார்லர் பெயரையும் நாலு பேர் சொல்வார்கள். அதற்கு முன் நான் பெயிண்டர். போர்ட் கொச்சியின் பழைய வீட்டுச் சுவர் விரிசல்களுக்குப் பட்டி பூசியே முழங்கை தேய்ந்த ஆள். ஒருமுறை கலூரில் ஒரு பியூட்டி பார்லருக்கு வண்ணம் அடிக்கப் போயிருந்தேன். பழைய சுவரின் நிறத்தைக் கண்ணளவிலேயே நான் கலந்ததைப் பார்த்த முதலாளி சேச்சி, ஒரு வாடிக்கையாளரின் தோலுக்கு ஃபவுண்டேஷன் கலக்கச் சொன்னார். அச்சாகப் பொருந்தியது. "நீ இங்க வந்து படிச்சோ சேகரா, சுவரு எங்கயும் ஓடிப்போகில்லா" என்றார். அன்று பிடித்த கிறுக்கு. ரோலரைப் பரணில் போட்டுவிட்டு அவரிடமே தொழில் கற்றேன்.

மாமனாருக்கு இது அறவே பிடிக்கவில்லை. "ஆம்பள போய் பொம்பள முகத்துல பவுடர் பூசறதா?" என்று கேட்டவர் அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். கொஞ்ச காலத்தில் அவருடைய சின்ன மகள் சுகன்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. "எங்க அத்தான்தான் எனக்கு மேக்கப் போடணும். இல்லன்னா மணையில உக்கார மாட்டேன்" என்று அவள் அடம்பிடித்தாள். என்னை நம்பிய முதல் மணப்பெண். (பாவம், சின்ன வயசு.)

ஆவணி மாதம், விடாத மழை. பஜார் ரோட்டுப் பக்கத்தில் ஒரு மண்டபம். மணப்பெண் அறைக்குள் பக்கத்து மிளகுக் கிடங்கின் வாடையும் ஒரு மங்கிய பல்பும். சுகன்யா முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடினாள். சேச்சி சொல்லிக்கொடுத்தது மொத்தமும் மறந்துபோய், பழைய பெயிண்டர் உள்ளேயிருந்து எழுந்து வந்துவிட்டான்.

வண்ணம் ஓரம் தாண்டாமலிருக்கச் சுவரில் ஒட்டுகிற மாஸ்கிங் டேப் ஒன்று பெட்டியில் எதற்கோ கிடந்தது; அதை எடுத்தேன். நெற்றி முடியோரம், காதோரம், தாடையோரம் என்று அளந்து ஒட்டினேன்.

"இது எதுக்கு அத்தான்?"

"பார்டர் சுத்தமா வரும்மா."

பெயிண்டருக்கு மரியாதையே பார்டரில்தான் இருக்கிறது. அடுத்து, காய்ந்தால் நிறம் கொஞ்சம் கறுக்கும் என்ற தொழில் ஞானத்தில் இரண்டு ஷேடு வெளுப்பாகக் கலந்தேன். முதல் கோட். டேபிள் ஃபேன். இரண்டாவது கோட். மறுபடி ஃபேன்.

"உணங்கியாச்சா அத்தான்?" என்றாள் உதடு அசையாமல்.

"பேசாத. காயறதுக்குள்ள வெடிப்பு விடும்."

டேப்பை உரித்தேன். அடிக்கோல் வைத்து வரைந்தது போலத் தாடையோரம் ஒரு கோடு. ஒரு கண்ணை மூடி, ரெண்டடி பின்னால் போய் நின்று ரசித்தேன். வாசலில் எட்டிப் பார்த்த மாமனார், அந்த மங்கிய வெளிச்சத்தில் மகளைப் பார்த்து, "பரவால்லயே மாப்ள" என்றார். மாதக்கணக்கில் பேசாதிருந்த மனுஷன்! எனக்குக் கால் தரையில் இல்லை.

மேடையில் வீடியோ லைட் எரிந்ததும் தரைக்கு வந்தேன். மேலே பளீர் வெள்ளை. கீழே அவளுடைய சொந்த மாநிறம். நடுவே என் கோடு. போட்டோகிராபர் கேமராவை இறக்கி, "சேட்டா, இது ரெண்டு ஆளோ?" என்று கேட்டார்.

மாப்பிள்ளையின் அத்தை மேடையேறி அவள் கழுத்தை உற்றுப் பார்த்தார். "பொண்ணுக்குத் தோல்ல வெண்படை ஏதும் இருக்கா? மறைக்கத்தான் இப்படிப் பூசியிருக்கீங்களா? முகத்தக் கழுவிட்டு வரட்டும். பாத்துட்டு அப்புறம் தாலி."

நாதஸ்வரம் நின்றுவிட்டது. சபை மொத்தமும் சுகன்யாவைப் பார்த்தது. "அவளுக்கு ஒண்ணுமில்ல, நான்தான் கெடுத்தேன்" என்று நான் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் ஓடினேன்தான், ஆனால் வாசல் பக்கம். அங்கே கட்டியிருந்த வாழைமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். (வாழைமரம் எவ்வளவு ஒல்லி என்பது அவசரத்துக்கு ஒளியும்போதுதான் தெரியும்.) இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

மாமனாரே அவளைச் சாப்பாட்டுக் கூடத்தின் கைகழுவும் இடத்துக்குக் கூட்டிப்போனார். நான் போட்டதோ தண்ணீருக்கு அசையாத சரக்கு. சமையல்காரரிடம் தேங்காயெண்ணெய் வாங்கி வந்து, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சுற்றி நிற்க, அவள் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கழுத்தின் நிறத்திலேயே முகமும் வெளியே வந்தது. "நல்லாத்தான இருக்கா! பின்ன எதுக்கு இந்தக் கோலம்?" என்றார் அத்தை.

வாசல் வழியாக மேடைக்குத் திரும்பும்போது சுகன்யா என் வாழைமரத்தருகே நின்றாள். கண் சிவந்திருந்தது.

"கோடு நேராத்தான் இருந்துச்சு அத்தான்" என்றாள்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். என்னைத் தேற்றிவிட்டு, எண்ணெய் மினுங்கும் முகத்தோடு போய் மணையில் உட்கார்ந்தாள். தாலி ஏறியது. ஆல்பத்தில் அவள் அப்படியேதான் இருக்கிறாள்.

அன்றிலிருந்து எந்த மணப்பெண் வந்தாலும் நான் கழுத்தில்தான் ஆரம்பிக்கிறேன். 'கழுத்தும் முகமும் ஒரே நிறம்' என்பதுதான் இன்று என் பார்லரின் பெருமை. காரணம் வாடிக்கையாளர்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் யார் விசேஷத்துக்குக் கிளம்பினாலும், "டேப் ஒட்டியாச்சா?" என்று ஒரு குரல் வரும். சுகன்யா மட்டும் அதன்பிறகு என் முன்னால் முகத்தைக் காட்டி உட்கார்ந்ததே இல்லை.

போன மாதம் அவளிடமிருந்து போன் வந்தது. "அத்தான், காக்கநாட்டுல புது வீடு பால் காய்ச்சறோம். முந்தின நாளே வந்துருங்க. உங்களுக்கு ஒரு வேலை இருக்கு."

மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். இருப்பதிலேயே நல்ல பிரஷ்களைக் கழுவிக் காயவைத்து, பெட்டியோடு போய் நின்றேன். பெட்டியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு ரோலரையும் புது மாஸ்கிங் டேப்பையும் என் கையில் கொடுத்தாள். ஹால் சுவரைக் காட்டினாள்.

நாற்காலியில் சாய்ந்திருந்த மாமனார் சொன்னார்: "கழுத்து இல்லாத இடமாப் பாத்துதான் குடுத்துருக்கோம் மாப்ள."

டேப்பை ஒட்டி அடித்தேன். கோடு நேராகத்தான் வந்தது.