பில் குறைவாக வந்ததென்று புகார் கொடுத்தவர்

அன்பும் மரியாதையும் நிறைந்த பெரியண்ணாவுக்கு,

உங்கள் தங்கை எழுதிக்கொள்வது. நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சுகத்தைப் பற்றி அறிய விரும்பினால், அது மாதத்துக்கு எத்தனை யூனிட் என்று உங்கள் மாப்பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும்.

"பையன் சிக்கனக்காரன், ஒரு காசு வீணாக்க மாட்டான்" என்று நாலு பேரிடம் விசாரித்து வந்து என்னை அவருக்குக் கட்டிவைத்தது நீங்கள். ஆகவே புகாரும் முறைப்படி உங்களுக்கே வருகிறது.

அவர் கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றது உங்களுக்குத் தெரியும். அங்கே காலமெல்லாம் மூட்டை எண்ணிக்கொண்டிருந்த மனுஷனுக்கு வீட்டில் எண்ணுவதற்கு என்னைத் தவிர ஒன்றும் இல்லை. அந்த நேரம் பார்த்து மின்சார பில் வழக்கத்தைவிடக் கூடுதலாக வந்து தொலைத்தது. உடனே ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் பூதக்கண்ணாடியுமாகக் கிளம்பிவிட்டார். ஒவ்வொரு சாமானின் முதுகிலும் ஒட்டியிருக்கிற சீட்டைப் பார்த்து எத்தனை வாட் என்று குறித்துக்கொண்டார். அதை ஓடுகிற மணி நேரத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட் வருமாம். கணக்கு சரிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஃபிரிட்ஜின் முதுகைப் பார்க்க அதைச் சுவரிலிருந்து இழுத்தவர், பிளக்கும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்ததைப் பார்க்கவில்லை. மறுநாள் கதவைத் திறந்தால் பால் திரிந்து கிடக்கிறது, மீன் நாற்றம் மாடிப்படி வரைக்கும் போய் எங்கள் பேரைக் கெடுக்கிறது. "இந்த மீன் எத்தனை யூனிட்டுங்க?" என்று கேட்டேன். "கணக்கு பாக்குறப்ப பேச்சை மாத்தாதே" என்றார்.

எல்லாவற்றையும் பெருக்கி, வகுத்து, கூட்டிப் பார்த்தால், வந்த பில்லைப் போல மூன்று மடங்கு. வேறு யாராக இருந்தாலும் கணக்கில் எங்கேயோ தப்பு என்று நினைப்பார்கள். உங்கள் மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. "நம்ம மீட்டர் தூங்குதுடி. என்னைக்காவது கண்டுபுடிச்சு மொத்தமா வசூல் பண்ணுவாங்க. உள்ளகூட தூக்கிப் போட்டுருவாங்க" என்று புலம்பி, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு (அந்த இஸ்திரிக்கு ஆன கரண்டையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு), என்னையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு மின்சார அலுவலகத்துக்குப் போனார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் பில் அதிகம் என்று கத்திக்கொண்டிருக்க, இவர் மட்டும் ஜன்னலுக்குள் தலையை நீட்டி, "எனக்கு ரொம்பக் கம்மியா போட்டிருக்கீங்க, சரி பண்ணிக் குடுங்க" என்றார். பின்னால் நின்றவர் இவரைப் பார்க்கவில்லை அண்ணா, என்னைப் பார்த்தார், துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி. உள்ளே இருந்த பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "சார், வீட்டுல வேற பெரியவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு, கொட்டாவியோடு சொன்னாள்: "ஃபிரிட்ஜ் மோட்டார் நாள் பூரா ஓடாது சார். போதுமான குளிர் வந்ததும் நின்னுடும், குறைஞ்சா மறுபடி ஓடும். நீங்க இருபத்தி நாலு மணி நேரத்தால பெருக்கி வெச்சிருக்கீங்க. அடுத்தவங்க வாங்க."

இவர் விடுவாரா? வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜுக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மோட்டார் நின்றதா இல்லையா என்று சந்தேகம் வரும்போதெல்லாம் கதவைத் திறந்து உள்ளே காதை வைத்துக் கேட்டார். இவர் திறக்கத் திறக்கக் குளிர் வெளியே போனது, அது பாவம் மூச்சு விடாமல் ஓடியது. "பாத்தியா? நிக்கவே மாட்டேங்குது. அந்தப் பொண்ணு பச்சைப் பொய் சொல்லியிருக்கு!"

அதற்குப் பிறகு வீட்டில் ஒன்றொன்றாக வாயை மூட ஆரம்பித்தது. வெந்நீர் ஹீட்டர்தான் பெரிய திருடன் என்று அதற்கு முதல் தடை. அதுவாவது போகட்டும், அது நிஜமாகவே அதிகம் இழுக்கும். அடுத்து வாஷிங் மெஷின் முன்னால் நின்று தாடையைச் சொறிந்தார். "இது எதுக்கு? கையால துவைச்சா செலவு பூஜ்யம்."

அந்த ஒரு வார்த்தைதான் அண்ணா. இத்தனை வருஷம் துவைத்து, தேய்த்து, அரைத்து, கூட்டிப் பெருக்கிய கைக்கு அவர் கணக்கில் வாட்டும் கிடையாது, மணி நேரமும் கிடையாது, தேய்மானமும் கிடையாது. "பூஜ்யமா?" என்றேன். "கரண்டுச் செலவைச் சொன்னேன்" என்று பம்மினார். "சரி, இன்னையிலேர்ந்து இந்தப் பக்கமும் மின்தடை" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் காலை நீட்டிப் படுத்துப் பத்திரிகையைப் பிரித்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசி விளம்பரம் வரை படித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

அவருக்கு வீம்பு. படுக்கை விரிப்பை வாளியில் ஊறப்போட்டு, கும்மி, முறுக்கிப் பிழிந்தார். முதுகில் 'கடக்' என்றது. "ஏய்... இங்க வா... நிமிர முடியல" என்று ஈனசுரத்தில் குரல் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், கையில் விரிப்போடு கேள்விக்குறி மாதிரி நிற்கிறார். நான் அவர் எதிரில் சிரிக்கவில்லை, சத்தியம். ஆட்டோவைக் கூப்பிடுகிறேன் என்று வாசலுக்குப் போய்த்தான் சிரித்தேன். மருத்துவமனையில் குப்புறப் படுக்கவைத்து, முதுகில் பட்டைகளை ஒட்டி, ஒரு பெட்டியிலிருந்து கரண்டு கொடுத்தார்கள். பெட்டி உறுமியது. இவர் முனகிக்கொண்டே தலையைத் தூக்கி, "டாக்டரம்மா, இது எத்தனை வாட்?" என்றார். "வலி இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார் அந்த அம்மா. அந்த ஒரு தடவைக் கட்டணத்தில் வாஷிங் மெஷின் ஒரு வருஷம் ஓடும் என்று வீட்டுக்கு வரும் வழியில் அவரே கணக்குப் போட்டுச் சொன்னார். விடை சரியாக வந்துவிட்டதில் பெருமைகூட!

இப்போது படுத்தபடியே நான் எந்த சுவிட்சைப் போடுகிறேன் என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறார். என்னால் முடியாது அண்ணா. ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து என்னைக் கூட்டிப்போங்கள். ஒரு மாதம் உங்களோடு இருக்கிறேன். அதற்குமேல் என்ன என்பதை அங்கே உட்கார்ந்து யோசிப்போம்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, நல்ல நிலைக்கு வந்து, கல்யாணம் செய்யும்போது மட்டும் யாருடைய விசாரணையையும் நம்பாமல் நன்றாக இருக்கட்டும்.

உங்கள் பாசமுள்ள தங்கை

பின்குறிப்பு: வர வேண்டாம் அண்ணா. கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் நலம் விசாரிக்க வந்தார். இவர் பேச்சில் மயங்கி, இவரைக் 'கௌரவ மின்சிக்கன ஆலோசகர்' ஆக்கிவிட்டுப் போய்விட்டார். இதோ நாலு நாளாக, இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு காலையிலேயே கிளம்பி, வீடு வீடாகப் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். எதிர்வீட்டுக்காரி என் முகத்தைப் பார்ப்பதில்லை. கீழ்வீட்டு அம்மா கண்ணீரோடு வந்து, "எப்படிக்கா இத்தனை வருஷம்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். எனக்கோ பொழுது சாயும்வரை வீடு மொத்தமும் சொந்தம். அவரே உங்களுக்குப் போன் செய்து யோசனை கேட்பார். என்ன வந்தாலும் பதவியை விடக்கூடாது என்று அழுத்திச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்தில் பெரிய கட்டடம் ஏதாவது இருந்தால், அவர் பெயரை அங்கேயும் கொடுத்துவையுங்கள்.