சும்மாவைக் காணோம்

சலவைக் கடை மாடியில் கண்ணாடி ஐயா வந்து உட்கார்ந்த மூன்றாவது மாதமே அந்தத் தெருவில் காலையில் சைக்கிள் ஓட்ட முடியாமல் போயிற்று. மாடிப்படியில் தொடங்கிய வரிசை மருந்துக் கடையில் போய் முடிந்தது. நாயைத் தொலைத்தவர்கள், பூனையைத் தொலைத்தவர்கள், கூண்டைத் தாங்களே திறந்து வைத்துவிட்டுக் கிளியைத் தொலைத்தவர்கள். கறுப்புத் துணி போர்த்திய ஆளுயரக் கண்ணாடியின் முன் ஐயா கண்மூடி உட்காருவார். துணியை விலக்குவார். ஓடிப்போன பிராணி எங்கே நிற்கிறது என்று கண்ணாடிக்குள் பார்த்து, படியில் நிற்பவர்களுக்கும் கேட்கிற குரலில் சொல்லுவார். கதவைச் சாத்தவே மாட்டார். அற்புதத்தைச் சாத்திவைத்து என்ன பிரயோஜனம்?

கட்டணம் கிடையாது. வாசலில் ஒரு பெட்டி இருந்தது, விருப்பப்பட்டதைப் போடலாம். எவ்வளவு விருப்பப்பட வேண்டும் என்பதைப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற தடியன் பார்வையாலேயே சொல்லிவிடுவான். பிராணி திரும்பி வந்தால் ஐயாவின் சக்தி. வராவிட்டால் வீட்டில் யாருக்கோ நம்பிக்கை போதவில்லை. இப்படிப்பட்ட தொழிலில் நஷ்டம் எந்த வழியாக வரும்?

ஒரு செவ்வாய்க்கிழமை அந்த வரிசையில் தையல்காரியும் நின்றாள். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அவளுடைய பூனையைக் காணவில்லை. இருட்டினால் தானாக வந்துவிடும் என்று காத்திருந்து ஏமாந்திருந்தாள். மஞ்சள் நிறம், வால் நுனி மட்டும் வெள்ளை, பெயர் மேனேஜர். ஒரு வேலையும் செய்யாமல் தையல் மெஷின் மேல் உட்கார்ந்து அவளை நாள் முழுக்கக் கண்காணித்ததால் கணவன் வைத்த பெயர் அது. கணவன் நெடுந்தூர லாரி ஓட்டுபவன். மாதத்தில் இருபது நாள் வீட்டில் இருக்கமாட்டான். அந்த இருபது நாளும் அவளுக்குப் பேச்சுத் துணை மேனேஜர்தான். இரண்டு கண்ணும் அழுது வீங்கியிருந்தன.

அவளுக்கு முன்னால் பச்சைச் சால்வை போர்த்திய ஓர் அம்மாள் நின்றார். அவருடைய நாயையும் காணோமாம். மிகவும் பரிவானவர். பூனை என்ன நிறம், என்ன பெயர், கழுத்தில் என்ன கட்டியிருந்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தையல்காரி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். பிறகு அந்த அம்மாள், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று பக்கத்து அறைக்குள் போனார்.

தையல்காரியின் முறை வந்தது. ஐயா கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார்.

"மஞ்சளா தெரியுது. வால் நுனி வெள்ளை. கழுத்துல நீல நாடா. ஏதோ அதிகாரம் பண்ற பேரு... மேனேஜரா?"

அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பூனை தெற்கே, தண்ணீர்ப் பக்கமாக இருக்கிறது, ஏழு நாளில் தானாக வரும் என்றார் ஐயா. ஒரே ஒரு நிபந்தனை.

"பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டா வர்ற வழி அடைச்சுக்கும்."

அருமையான நிபந்தனை. கூப்பிட்டால் பூனை கிடைத்துத் தொலைக்குமே!

தையல்காரி சொன்னபடி கேட்டாள். தினமும் தெற்கே போய் வாயைக் கட்டிக்கொண்டு கால்வாய்க் கரையில் நடந்தாள். வேலையில் கை ஓடவில்லை. ஒருவருடைய சட்டைக்கு இரண்டு இடக் கைகளை வைத்துத் தைத்துவிட்டாள்.

சனிக்கிழமை நாத்தனார் வந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அண்ணி, உள்ள போறதுக்கு முன்னாடி யார்கிட்ட பேசுனீங்க?"

"யார்கிட்டயும் பேசல. முன்னாடி நின்ன ஒரு அம்மாகிட்ட மட்டுந்தான்."

நாத்தனார் சிரித்துவிட்டாள். தையல்காரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடுத்தவர் துக்கம் உனக்கு விளையாட்டா என்று கேட்டாள். நாத்தனார் வாதாடவில்லை. ஒரு ரத்தத்தின் மேல் சந்தேகம் வந்தால் அதனோடு வாதாடியா பார்ப்பார்கள்? இன்னொரு முறை சோதிப்பார்கள்.

"நாளைக்கு நானும் வரேன். என் பூனையையும் காணோம்."

"உனக்கு ஏது பூனை?"

"அதத்தான் அவரு சொல்லட்டும்."

ஞாயிற்றுக்கிழமை வரிசையில் அதே பச்சைச் சால்வை. ஆறு நாளாகியும் அந்த அம்மாளின் நாய் கிடைக்கவில்லை போலும்! நாத்தனார் அவர் தோளில் சாய்ந்து விசும்பினாள். பூனை கறுப்பு. மூன்றே கால்தான். இடது காது கிடையாது. பெயர் சும்மா. அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்னால் நின்ற பெரியவரின் துக்கத்தையும் விசாரித்தார். பிறகு அம்மாளுக்குத் தாகம் எடுத்தது. பக்கத்து அறைக்குள் போனார். நாலு பேருக்குப் பின்னால் தலையில் முந்தானையை இழுத்துவிட்டு நின்ற தையல்காரி அந்த அறையின் திரையையே பார்த்தாள்.

ஐயா துணியை விலக்கினார். இன்று குரல் இன்னும் கம்பீரம்.

"கறுப்பு... நொண்டி நொண்டி வருது, மூணு காலு. இடது காதக் காணோம். பேரு... சும்மாவா?"

படியில் நின்ற கூட்டம் உச்சுக்கொட்டியது. ஐயாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. சும்மா மேற்கே ஒரு படிக்கட்டுக்குக் கீழே அழுதுகொண்டிருப்பதாகவும், வயிற்றில் இரண்டு குட்டி இருப்பதாகவும் சேர்த்துச் சொன்னார்.

"அப்படி ஒரு பூனையே கிடையாதுங்க," என்றாள் நாத்தனார். "சும்மா சொன்னேன்."

ஐயா அசரவில்லை. இனிமேல் உன்னிடம் வரப்போகிற பூனையைத்தான் கண்ணாடி காட்டியது என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டவும் செய்தார்கள். தலை ஆட்டுவதற்குத்தானே இருக்கிறது!

தையல்காரி தலையாட்டவில்லை. விறுவிறுவென்று போய்ப் பக்கத்து அறைத் திரையை இழுத்தாள். பச்சைச் சால்வை அம்மாள் நாற்காலியில் சௌகரியமாக உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். சுவரில் ஓர் ஓட்டை. அதற்கு அந்தப் பக்கம் ஐயாவின் மடி. தையல்காரி சீட்டைப் பிடுங்கி உரக்கப் படித்தாள்.

"கிளி. ஒரு கால்ல வளையம். 'வாங்க சார், உக்காருங்க'ன்னு சொல்லும்."

"அது என் கிளி," என்றார் வரிசையில் அடுத்ததாக நின்ற பெரியவர்.

அதற்குப் பிறகு அங்கே நடந்ததைப் பார்க்கத் தையல்காரி நிற்கவில்லை. தெருவில் இறங்கி, வீட்டுக்கு வடக்கே இருந்த சந்துகளில் புகுந்து, ஆறு நாளாகத் தொண்டையில் அடைத்து நின்ற பெயரைக் கத்தினாள். "மேனேஜர்! மேனேஜர்!" போகிறவர்கள் எந்தக் கம்பெனி மேனேஜர் என்று திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாவது சந்தில், சோபா பழுதுபார்க்கும் கடையின் கிடங்குக் கதவுக்குப் பின்னாலிருந்து கம்மிய குரலில் ஒரு பதில் வந்தது.

கடைக்காரர் திங்கட்கிழமை மத்தியானம் கிடங்கைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போனவர். கட்டட உரிமையாளர் மாற்றுச் சாவியோடு வந்தார். ஒழுகிய குழாய்த் தண்ணீரைக் குடித்து உயிர் பிழைத்திருந்த மேனேஜர் எலும்பும் தோலுமாக வந்து அவள் தோளில் ஏறி, காதருகே விடாமல் திட்டியது. அவள் வீட்டுக்கும் அந்தக் கிடங்குக்கும் இருநூறு அடிகூட இல்லை. முதல் நாளே வாய் திறந்திருந்தால் முதல் நாளே கிடைத்திருக்கும். அதை நினைத்துத்தான் அவள் அழுதாள்.

சாயங்காலத்துக்குள் ஐயாவும் தடியனும் சால்வையும் கம்பி நீட்டிவிட்டார்கள். கண்ணாடி மட்டும் மாடியிலேயே கிடந்தது. மறுநாள் சலவைக் கடை வாசலில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "என்ன இருந்தாலும், ஏழு நாளைக்குள்ள பூனை வந்துடுச்சு பார்த்தீங்களா?"

பூனை தொலைந்தால் எங்கேயாவது அடைபட்டுக் கத்தும். காது கொடுத்தால் கண்டுபிடித்துவிடலாம். புத்தி தொலைந்தால் அது கத்துவதில்லை. அதைத் தொலைத்தவன்தான் தேடிக்கொண்டு போக வேண்டும்.