ஆட்டு ரத்தத்துக்கு எரிந்த பச்சை விளக்கு

எகிப்தில் எங்கள் தன்தா ஊர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் காலையில் போய்ப் பாருங்கள். ரொட்டிக் கடைக்கு நிற்கிற கூட்டத்தைவிடப் பெரிய கூட்டம் நிற்கும். எல்லாரும் ரத்தம் கொடுக்க வந்தவர்கள். அடிபட்டுக் கிடக்கிறவனுக்குக் கொடுக்கவா என்று கேட்டுவிடாதீர்கள். அதற்கெல்லாம் நம் ஊரில் யார் வரிசையில் நிற்கிறார்கள்! தன் ரத்தம் தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வந்த கூட்டம் இது.

தெரிவிக்கிறவர் டாக்டர் பஸ்யூனி. டாக்டர் பட்டத்தை அவருக்கு எந்தக் கல்லூரி கொடுத்தது? கோட்டு கொடுத்தது. வெள்ளைக் கோட்டு, பை நிறையப் பேனா. அதற்கு முன்னால் அவர் பேய் விரட்டுவதுபோல ஜின் விரட்டிக்கொண்டிருந்தார். ஜின் என்றால் ஜனங்கள் இப்போது கொஞ்சம் சிரிக்கிறார்கள். ஆய்வு என்று சொன்னால் உடனே சட்டைக் கையைச் சுருட்டிவிடுகிறார்கள். பஸ்யூனி தொழிலை மாற்றவில்லை, பெயரை மட்டும் மாற்றினார்.

தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருகிற நோய் ஒன்று உண்டு. ராத்திரி முழுக்க மூச்சுக்குப் போராடியவன் பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிழுவான். இந்த நோயை ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியுமா என்று எங்கெங்கோ ஆராய்கிறார்கள் என்ற செய்தி பஸ்யூனியின் காதில் விழுந்தது. மனிதர் கெட்டிக்காரர். "முடியுமா" என்ற கேள்வியை வாசலிலேயே நிறுத்திவிட்டு, மிச்சத்தை மட்டும் உள்ளே அழைத்துக்கொண்டார்.

ஒரு சொட்டு ரத்தம், ஒரு கண்ணாடிச் சில்லு, ஒரு கறுப்புப் பெட்டி. சில்லை உள்ளே தள்ளினால் பெட்டி முனகும். சிவப்பு விளக்கு எரிந்தால் தூங்குகிற ரத்தம். உறக்கத்தில் கழுத்தை நெரிக்கும். அதற்குச் செம்பு மோதிரம், கருஞ்சீரக எண்ணெய், மாதாமாதம் மறுசோதனை. பச்சை எரிந்தால் விழித்த ரத்தம். அதற்கு ஒரு ஸ்டிக்கர். திறந்த கண் ஒன்று வரைந்து, கீழே "இந்த ஓட்டுநரின் ரத்தம் தூங்காது" என்று எழுதியிருக்கும். வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள வேண்டியது.

பயணிகளும் மாறிவிட்டார்கள். ஓட்டுநரை உஸ்தா என்று மரியாதையாகக் கூப்பிட்டு முதலில் கேட்பது இதுதான்.

"ஸ்டிக்கர் இருக்கா உஸ்தா?"

"இருக்கு தாயி, ஏறு ஏறு!"

பிரேக் இருக்கிறதா என்று கேட்ட ஒரு ஜீவனை நாம் இதுவரை பார்த்ததில்லை.

இன்னொன்றையும் யாரும் பார்க்கவில்லை. எந்த ஓட்டுநருக்கும் சிவப்பு எரிந்ததில்லை. எந்த வியாபாரிக்கும் பச்சை எரிந்ததில்லை. ரத்தம் அவ்வளவு விவரமாக ஆளையும் தொழிலையும் பார்த்து நடந்துகொண்டது.

ஸ்டிக்கர் ஒட்டியவர்களில் ஷெஹாத்தாவும் ஒருவர். மைக்ரோபஸ் ஓட்டுகிறவர். கழுத்து என்று அவருக்குத் தனியாக ஒன்று கிடையாது. தாடை முடிகிற இடத்தில் தோள் தொடங்கிவிடும். அவர் மனைவி ரதீபாவுக்கு வரி அலுவலகத்தில் வேலை. தினமும் பொய்யை நேருக்கு நேர் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவர்.

"ஏ மனுஷா, ராத்திரி உனக்கு மூச்சு நின்னுபோகுது. திரும்ப வருமா வராதான்னு நான் வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"குறட்டை விட்டேன்ல? நிம்மதியா தூங்குறவன்தான் குறட்டை விடுவான்."

"நிம்மதியா தூங்குனவன் எதுக்குக் காலைல பயறுத் தட்டுல மூஞ்சிய வைக்கிற?"

"அது வெயிலு."

"வாய்க்கால் பாலத்துல வண்டி கட்டைமேல ஏறுச்சே, அதுவும் வெயிலா?"

"அது கண்ணு பட்டது. அதனாலதான் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன். பேசாம இரு ரதீபா."

பேசாமல் இருக்க முடியாத காரணம் ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை மகள் நஜ்வாவுக்கு அலெக்சாந்திரியாவில் கல்யாணம். மணப்பெண்ணும் உறவுக்காரர்களும் ஒரே மைக்ரோபஸ்ஸில் போகிறார்கள். ஓட்டப்போகிறவர் பெண்ணைப் பெற்ற ஷெஹாத்தா. மகளை நானே ஓட்டிக்கொண்டு போய்க் கொடுப்பேன் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது.

"பல்கலைக்கழக ஆஸ்பத்திரில ஒரு ராத்திரி படு. ஒயரை மாட்டி மூச்சைப் பார்ப்பாங்க. பார்த்துட்டு வந்து ஓட்டு."

"ஆம்பளை ஒருத்தன் நர்சுங்க முன்னாடி ஒயரைச் சுத்திக்கிட்டுத் தூங்குறதா? ஒரு சொட்டுல தெரியிற விஷயத்துக்கு ஒரு ராத்திரியா?"

அந்த மைக்ரோபஸ் ஹாஜி தஸூகியின் புது வண்டி. கடலை மிட்டாய் வியாபாரி. சொந்தமாக வண்டி வாங்கி ஷெஹாத்தா கையில் ஓட்டக் கொடுத்திருந்தார். வியாபாரி ஆயிற்றே, அவருக்குச் சிவப்பு எரிந்திருந்தது. விரலில் செம்பு மோதிரம். பக்கத்தில் நின்றால் கருஞ்சீரகம் மணக்கும்.

புது வண்டி வந்தால் நாம் என்ன செய்வோம்? ஆடு அறுப்போம். ரத்தத்தில் கையை முக்கி வண்டியில் ஐந்து விரலையும் பதிப்போம், கண் படாமல் இருக்க. தஸூகியும் புதன்கிழமை பஸ் நிலையத்திலேயே ஒரு கிடாயை அறுத்தார். ஓட்டுநர்கள் எல்லாரும் கறிக்காகக் கூடினார்கள். தஸூகி கையை முக்கி வண்டி மூக்கில் பதித்தார். ஷெஹாத்தா கதவில் பதித்தார். ரதீபா இரண்டு சின்னப் புட்டிகளை எடுத்தார். ஒரே கிண்ணத்திலிருந்து இரண்டையும் நிரப்பினார்.

"என்ன நஜ்வாம்மா, வீட்டு நிலையில தடவவா?" என்றார் தஸூகி.

"இல்ல ஹாஜியாரே. டாக்டருக்கு. வீட்லேர்ந்து புட்டில கொண்டுவந்தாலும் பார்ப்பேன்னு பலகை மாட்டியிருக்காரே. ஒண்ணை இவர் ரத்தம்னு இவர் குடுக்கட்டும். இன்னொண்ணை உங்க ரத்தம்னு நீங்க குடுங்க."

ஷெஹாத்தா தலையில் அடித்துக்கொண்டார். "ஏ பொம்பளே! பெட்டி உள்ள போனதும் கத்தும், இது ஆடுன்னு. என் மானம் போகும்."

"கத்தட்டும். ஆடுன்னு அது சொல்லிட்டா வெள்ளிக்கிழமை நான் வாயைத் தொறக்காம வண்டில ஏறுறேன். சொல்லலைன்னா நாளைக்கு ராத்திரி நீ ஆஸ்பத்திரில படுக்கிற. கல்யாணத்துக்கு வேற ஆள் ஓட்டுவான்."

"சரிதான் போ!" என்றார் ஷெஹாத்தா. தஸூகி பெருமையாகச் சிரித்தார். "அந்தப் பெட்டி கண்டுபிடிக்காதாம்மா? என் மாமியாரைப் பத்தியே அது சொல்லியிருக்கு!"

அறுத்த ஆட்டை விட்டுவிட்டு ஓட்டுநர் கூட்டம் பின்னாலேயே போனது. நம் ஜனங்கள் கறியை விட்டுவிட்டுப் போனார்கள் என்றால் எவ்வளவு ஆவல் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஷெஹாத்தாவின் புட்டி. பஸ்யூனி சொட்டைத் தடவினார், சில்லைத் தள்ளினார், கண்ணை மூடினார். பெட்டி முனகியது.

பச்சை.

"மாஷா அல்லாஹ்! உஸ்தா ஷெஹாத்தா, இது சிங்கத்தோட ரத்தம்யா! அஸ்வான் வரைக்கும் ஓட்டு, கண்ணு சிமிட்டாது!"

பின்னால் நின்றவர்களில் ஒருவருக்கு இருமல் வந்தது. இருமல் மற்றவர்களுக்கும் பரவியது. ஷெஹாத்தா மட்டும் இருமவில்லை. அவர் முகம் வாடத் தொடங்கியிருந்தது.

அடுத்தது தஸூகியின் புட்டி.

சிவப்பு.

"ஹாஜியாரே, எண்ணெய் ஒழுங்காத் தடவுறீங்களா? இந்த ரத்தம் நேத்து ராத்திரி உங்க கழுத்தைப் பிடிச்சு நெரிச்சிருக்கு. இன்னொரு கைக்கும் ஒரு மோதிரம் போட்டாத்தான் உசிருக்கு உத்தரவாதம்."

தஸூகி தன் மோதிர விரலைப் பார்த்தார். ரதீபா முன்னால் வந்தார்.

"டாக்டர் ஐயா, ரெண்டு புட்டியும் மாறிப்போயிருக்குமோ?"

"மாறவே மாறாது மேடம். ஒவ்வொரு சொட்டும் அதோட எஜமானனைச் சொல்லும்."

"ஹாஜியாரோட சொட்டு எஜமானனைப் பத்தி என்ன சொல்லுது?"

பஸ்யூனி தாடியை நீவினார். "வயசானவரு. இனிப்பு அதிகம். மனசுல கவலை. முக்கியமா இன்னைக்குக் காலைல பெரிய கவலை."

"அது வாஸ்தவம். காலைல அவரு கத்தியப் பார்த்தாரு."

"எந்தக் கத்தி?"

"கசாப்புக் கத்தி. அந்த எஜமானன் இப்ப ஹாஜியாரோட வண்டிக்கு முன்னாடி தோலை உரிச்சுத் தொங்குறாரு. சிங்கமும் அவருதான், கழுத்து நெரிபட்டவரும் அவருதான். ஒரே கிடாய், ஒரே கிண்ணம். இவ்வளவு பேரும் சாட்சி."

பெட்டி மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

பஸ்யூனி அனுபவசாலி. ஜின்னோடு பழகியவர். "ஆட்டுக்கும் மூச்சுன்னு ஒண்ணு..." என்று ஆரம்பித்தார்.

"ஒரே ஆடு ஒரே நேரத்துல தூங்கிக்கிட்டும் முழிச்சுக்கிட்டும் இருந்துச்சா? அப்படின்னா அதைத்தான் நீங்க டிரைவர் வேலைக்கு வச்சிருக்கணும்!" என்றார் ரதீபா.

அப்போதுதான் தஸூகி மேசை விரிப்பை இழுத்தார். கீழே, கம்பளத்துக்கு அடியில், அழைப்பு மணிப் பொத்தான்கள் இரண்டு. வலது செருப்புக்கு ஒன்று, இடது செருப்புக்கு ஒன்று. பஸ்யூனியின் மருத்துவம் முழுக்கச் செருப்புக்கு அடியிலே இருந்தது. சிவப்பு வியாபாரிக்கு, மோதிரம் வாங்குவான் என்று. பச்சை ஓட்டுநருக்கு, சிவப்பு என்றால் வரவே மாட்டான் என்று.

தஸூகி மோதிரத்தைக் கழற்றப் பார்த்தார். விரல் வீங்கி அது கழலவில்லை. அந்த ஆத்திரத்தில் பெட்டியைத் தூக்கிச் சந்தில் எறிந்தார். எல்லாரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பஸ்யூனி பின்வாசல் வழியாகப் போய்விட்டார். கோட்டை விட்டுவிட்டுப் போனார். பட்டம் அதில்தானே இருந்தது!

மறுநாள் ராத்திரி ஷெஹாத்தா ஆஸ்பத்திரியில் ஒயர் மாட்டிக்கொண்டு தூங்கினார். எத்தனை தடவை மூச்சு நின்றது என்று காலையில் சொன்னபோது, இது பக்கத்துக் கட்டில்காரன் கணக்கு என்று சண்டை பிடித்தார். அங்கே இருந்த டாக்டரம்மா கத்தவில்லை, மாஷா அல்லாஹ்வும் சொல்லவில்லை. "ரத்தத்துல தெரியுமான்னு ஆராய்ச்சி நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. இன்னைக்கு உங்களுக்கு உள்ள வழி, தூங்கவிட்டு மூச்சைப் பார்க்குறது. வைத்தியம் இருக்கு. முடியிற வரைக்கும் வண்டிச் சாவியத் தொடாதீங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை வேறொருவர் ஓட்டினார். ஷெஹாத்தா மகளுக்குப் பக்கத்தில் மானத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். வண்டி ஊர் எல்லையைத் தாண்டவில்லை. அவர் தலை நஜ்வாவின் கல்யாண உடுப்பில் சாய்ந்துவிட்டது. குறட்டை வந்தது. பிறகு நின்றது. கொட்டு அடித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்தார்கள். மூச்சு திரும்பி வந்ததும் நஜ்வா மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, இப்ப அப்பா ஸ்டியரிங் முன்னாடி இருந்திருந்தா?"

முன்சீட்டில் இருந்த ரதீபா, புது வண்டியின் முன்கண்ணாடியிலும் ஷெஹாத்தா ஒட்டியிருந்த திறந்த கண்ணை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

இதோடு ஊர் திருந்தியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? அடுத்த நாள் பஸ் நிலையத்தில் கவலையோடு கேட்கப்பட்ட கேள்வி இது: "அந்தக் கிடாய்க்குச் சிவப்பு எரிஞ்சுச்சே, கறி தின்ன எங்களுக்கு ஏதாவது ஆகுமா? இதைப் பார்த்துச் சொல்ல யாராவது இருக்காங்களா?"

இருப்பார்கள். வருவார்கள். பெட்டிக்கு இப்போதே வர்ணம் பூசிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் வருவதற்குள், ஐயா, உங்கள் ரத்தத்தைப் பற்றி ஒரே ஒரு சோதனையை நீங்களே செய்துபாருங்கள்: அது மூளைக்கும் கொஞ்சம் போகிறதா?