மைக்கண்ணனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்

வடசென்னையில் ரகசியம் என்ற ஒன்றே இல்லாமல் போனதற்கு ஒரே காரணம் மைக்கண்ணன்தான். வேறு யார் மேலும் வீணாகப் பழி போடாதீர்கள்.

இத்தனைக்கும் அவர் கையில் மைக் பிடித்து நான் பார்த்ததே இல்லை. காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிற மனுஷனுக்கு அது எதற்கு? அவர் சங்கரா மீனை ஏலம் விட்டால் திருவொற்றியூரில் புளி கரைக்க ஆரம்பிப்பார்கள் என்று சொல்வோம். அந்தத் தொண்டையோடு அப்படியே எங்கள் ராயபுரம் சபைக்கு வந்து ஜெபமும் பண்ணுவார். அதுதான் பிரச்சினை.

மற்றவர்கள் "எல்லாருடைய தேவைகளையும் சந்தியும்" என்று பொதுவாக முடித்துவிடுவார்கள். மைக்கண்ணனுக்கு அது பிடிக்காது. ஆண்டவருக்கு வீட்டு அடையாளம் சொல்லியே ஆகவேண்டும். "ஆண்டவரே, கோடியில பச்சைக் கதவு வூடு. ஸ்டெல்லா அக்கா பொண்ணைப் பார்க்க நாளைக்கு வந்துகினுக்கிறாங்க. யார்கிட்டயும் சொல்லாத வெச்சிக்கீது பாவம். நல்லபடியா முடிச்சிக் குடு." மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது ஸ்டெல்லா அக்கா வீட்டில் தெருவே உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளைக்கு நாற்காலி கிடைக்கவில்லை.

பாஸ்டரையாவது விட்டாரா? "நம்ம பாஸ்டரு வேற சபைக்கு மாத்தல் கேட்டுக்கினு கீறாரு ஆண்டவரே. நல்ல எடமாக் குடு, பெரிய வூடா குடு" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலேயே போட்டு உடைத்தார். அதுவரை சபைக்கு அந்த விஷயமே தெரியாது. பாஸ்டர் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

ஜெபத்தை முடிப்பதும் ஏலம்தான். கேட்டதைக் கடைசியாக இன்னொரு முறை கேட்டு, "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம், ஆமென்" என்பார். பழக்க தோஷம்.

என் கதைக்கு வருகிறேன். என் வீட்டுக்காரருக்குக் காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் தளத்தில் வேலை கிடைத்தது. ராயபுரத்தைக் காலி செய்துவிட்டு மணலி புதுநகரில் இரண்டாவது மாடிக்குக் குடிபோனோம். அவர் விடிவதற்குள் கம்பெனி பஸ்ஸில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். எனக்கு அங்கே ஒரு ஈ காக்கையைக்கூடத் தெரியாது. தெருவே கூடிக் குழம்பு வைக்கிற ஊரில் வளர்ந்தவள் நான். இங்கே எல்லாக் கதவும் சாத்தியே இருந்தது. என் கதவையும் நான்தான் சாத்தி வைத்திருந்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை. ஜெபம் பண்ண உட்கார்ந்தால் சுவரோடு பேசுகிற மாதிரி இருந்தது. கொஞ்ச நாளில் அதையும் விட்டுவிட்டேன். பெட்டியைக் கட்டி வைத்து, அம்மா வீட்டுக்கே போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம்தான் மைக்கண்ணன் பழைய சபை ஆட்கள் நாலு பேரோடு, ஒரு பை சங்கராவோடு, வீட்டு ஜெபத்துக்கு வந்து நின்றார்.

சமையற்கட்டில், "இன்னாம்மா, மூஞ்சே சரியில்ல?" என்றார். அவரிடம் சொல்லக்கூடாது என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் பகலெல்லாம் பேச ஆளில்லாமல் கிடந்தவளிடம் யாராவது இன்னா என்று கேட்டால் போதும். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணா."

"நான் யார்கிட்டம்மா சொல்லப்போறேன்? ஆண்டவர்கிட்ட மட்டும்தான்."

தடுக்கப் போனேன். அதற்குள், "காத்து வரட்டும்" என்று வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு மனுஷன் முழங்காலில் நின்றுவிட்டார்.

"ஆண்டவரே, மணலி புதுநகரு, தண்ணித் தொட்டிக்கு எதிர்ல, ரெண்டாவது மாடி. இந்தப் பொண்ணுக்குப் பேச்சுத் துணைக்கு ஆளில்ல. பிரிட்ஜ்கிட்ட பேசிக்கினு கீது. எதிர் வூட்ல பிரியாணி செஞ்சா வாசனைய மோந்துக்கினு ஒக்காந்துக்கீது. பொட்டி கட்டி கட்டிலுக்கு அடியில வெச்சிக்கீது ஆண்டவரே, புருசனுக்கே தெரியாது."

புருஷன் என் பக்கத்தில்தான் முழங்காலில் இருந்தார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் அவசரமாகக் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த மாடி அப்படியே இடிந்து விழுந்தால் தேவலை என்றிருந்தது.

"பெருசா ஒண்ணும் கேக்கல. பேசறதுக்கு ஒரே ஒரு ஆளு குடு. ஒரு தரம். ரெண்டு தரம்."

வாசலில் யாரோ இருமினார்கள். எதிர் வீட்டு மும்தாஜ் அக்கா, தோளில் பேரப்பிள்ளையோடு.

"கொழந்த தூங்குது, கொஞ்சம் மெதுவா பண்ணுங்கன்னு சொல்லத்தான் வந்தேன்" என்றவர், என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, எதிர்லயே கீறேன். ஒரு வார்த்த பேசினியா நீ? கதவு எப்பவும் சாத்தியே கெடக்குது. பெரிய எடம்போல, நம்மகிட்டல்லாம் பேசாதுன்னு நாங்க நெனச்சிக்கினுக்கிறோம். பிரியாணிக்கு இன்னா, நாளைக்கே செய்றேன்."

"மூணு தரம், ஆமென்" என்றார் மைக்கண்ணன்.

மறுநாள் பிரியாணி வந்தது. அதற்கு மறுநாள் மேல்மாடியிலிருந்து செல்வி வந்து, "பிரிட்ஜ்கிட்ட பேசறது நீங்கதானே?" என்று விசாரித்துவிட்டு உட்கார்ந்தவள், மதியம்வரை எழுந்திருக்கவே இல்லை. வீட்டுக்காரர் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் வைத்தார். நான் விட்டிருந்த ஜெபத்தை மறுபடி தொடங்கினேன். நான் மனசுக்குள் சொன்னது ஆண்டவருக்குக் கேட்டிருக்கும், அதில் இப்போது எனக்குச் சந்தேகம் இல்லை. எதிர் வீட்டுக்குக் கேட்கவைக்கத்தான் அவருக்கு மைக்கண்ணன் தேவைப்பட்டிருக்கிறார்.

அன்றிலிருந்து மாதம் ஒரு முறை எங்கள் வீட்டில் ஜெபம். மும்தாஜ் அக்கா பேரப்பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு வந்து வாசலோரம் உட்கார்ந்துகொள்வார்.

போன மாதம் மைக்கண்ணன் கழுத்தில் மப்ளரோடு வந்தார். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. தொண்டையில் ஏதோ கட்டி, பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறார்களாம், முடிவு வரும்வரை பேசவே கூடாதாம். கூட வந்தவர்கள்தான் சொன்னார்கள். அவர் சிரித்துக்கொண்டே, நீ ஜெபம் பண்ணு என்று எனக்குக் கை காட்டினார்.

நாலு பேர் முன்னால் நான் வாய்விட்டு ஜெபித்ததே கிடையாது. மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். "ஆண்டவரே, எங்க அண்ணன்" என்றதும், ஒருவேளை ஆண்டவருக்குக் கேட்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயம் வந்துவிட்டது. அடுத்த வார்த்தையிலிருந்து கத்தினேன்.