இஞ்சிப் பானத்துக்குக் கழுவிய பீர் பாட்டில்கள்

மாஃபெடெங்,
வியாழன் சாயங்காலம்

மதிப்புக்குரிய மோலியேஹி அக்காவுக்குத் தம்பி மொஹாபி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. புத்தா-புத்தேயில் நீயும் அத்தானும் ஆடுகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. சனிக்கிழமை நீ புறப்பட்டு வரவேண்டாம். நம் லினேயோவின் கல்யாணப் பேச்சு முறிந்துவிட்டது. முறித்தவன் பெற்ற தகப்பனாகிய நான்.

மாப்பிள்ளையின் பெரியப்பா லெபூசா சபை மூப்பர், பீர் நாற்றம் அடிக்கிற வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர் என்பது உனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் நமக்குத் தரவேண்டிய பரிச மாடு பேச அவர் வரும்போது இஞ்சிப் பானம் புளிக்கவைத்துக் கண்ணாடி பாட்டிலில்தான் கொடுக்கவேண்டும், பிளாஸ்டிக்கில் கொடுத்தால் நம்மை யார் மதிப்பார்கள் என்று மாலினேயோ சொல்லிவிட்டாள். என் பெண்டாட்டி சொன்னால் சொன்னதுதான். இந்த ஊரில் பழைய கண்ணாடி பாட்டில் என்றால் பீர் பாட்டில்தானே, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற மதுக்கடையில் ஒரு மூட்டை வாங்கி, யாரும் பார்க்காமல் கம்பளிக்குள் மறைத்து, நடக்க நடக்க அது கிணிகிணி என்று ஊரையே கூப்பிட, ஒருவழியாக வீடு சேர்ந்தேன். மூப்பர் மூக்கை உள்ளே விட்டாலும் வாடை தெரியக்கூடாது என்று அடுத்த உத்தரவு வந்தது.

குளிக்கிற தொட்டியில் சலவைச் சோடா கரைத்து ஊறப்போட்டேன். லேபிளெல்லாம் கழன்று போய்த் தண்ணீர் வெளியே போகும் குழாயை அடைத்துக்கொண்டது, பசை என் முழங்கை வரை ஏறியது. உள்ளே காய்ந்த வண்டல் போக மணலும் வெந்நீரும் விட்டுக் குலுக்கினேன், தோள்பட்டை இறங்கிப்போனது. ஒன்றில் மண்ணெண்ணெய் வாடை, ஒன்றில் செத்த பல்லி, இரண்டையும் தூர எறிந்தேன். அவசரத்தில் குளிர்ந்த பாட்டிலில் கொதிநீரை ஊற்றினேன், அதன் அடிப்பாகம் தனியாகக் கழன்று செருப்பின் மேல் விழுந்தது. கிருமி சாகட்டும் என்று ப்ளீச் கலந்தால் அது தெறித்து மாலினேயோவின் சபை மேலங்கியைப் புள்ளிக்கோழி ஆக்கிவிட்டது. அதைப் பற்றி அவள் பேசியதை எழுத இந்தத் தாள் போதாது. கடைசியில் பாட்டில்களை வேலிக் கம்புகளில் கவிழ்த்து மாட்டினேன். அடிப்பகுதியைத் துடைக்க நீளக் கம்பு நுனியில் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தேன், அதுவும் காயட்டுமே என்று கேட்டின் மேல் செருகி வைத்தேன்.

அக்கா, கம்பில் வெள்ளைத் துணி பறந்தால் அந்த வீட்டில் சோளக் கள் விற்பனைக்குத் தயார் என்று இந்த நாட்டில் யாருக்குத்தான் தெரியாது? தபாலாபீசில் தலை நரைத்த எனக்கு மட்டும் அந்த நேரத்தில் மூளை வேலை செய்யவில்லை. கொஞ்ச நேரத்தில் கேட்டிலிருந்து மாட்டுத்தொழுவம் வரை வரிசை நின்றுவிட்டது. கள் இல்லை, கள் இல்லை என்று தொண்டை வற்றக் கத்தினேன். உள்ளே இஞ்சி புளிக்கிற வாசனை என்னைப் பொய்யனாக்கிவிட்டது. கம்பளி போர்த்திய ஒருவர் திண்ணமாகக் கேட்டார்:

"பாட்டிலக் கழுவி வேலி முழுக்க மாட்டியாச்சு, துணியும் ஏத்தியாச்சு, ஊத்த மட்டும் மாட்டேங்கிறீங்க. பெரிய மனுசங்களுக்குன்னு எடுத்து வச்சிருக்கீங்களோ?"

அவருக்குப் பின்னால் தொப்பியைக் கண் வரை இறக்கிக்கொண்டு, கையில் தகரக் குவளையோடு நின்றவர் லெபூசா. சனிக்கிழமை வரவேண்டியவர், நம் குடும்ப லட்சணத்தை வேவு பார்க்க இன்றைக்கே வந்து வரிசையோடு வரிசையாக நின்றிருக்கிறார். ப்ளீச் நெடிக்காக நான் மூக்கை மறைத்துத் துணி கட்டியிருந்தேன், அவருக்கு அடையாளம் தெரியவில்லை. என் காதருகே குனிந்து, "இன்னிக்கு வடிச்சதா, நேத்தயதா?" என்று என்னைச் சோதித்தார். மூக்குத் துணியை அவிழ்த்து, "அய்யா, இது லினேயோவோட வீடுங்க" என்றேன். அவர் முகம் சாம்பலாகிவிட்டது. பஸ் நிலையத்தின் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார். லினேயோ அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஒரு துணியால் என் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன், அக்கா.

அமைதியும் மழையும் செழிப்பும் உன் வீட்டில் தங்கட்டும். அத்தானுக்கு என் வணக்கம்.

உன் பாவப்பட்ட தம்பி,
மொஹாபி

பி.கு.: காலை பஸ்ஸில் கொடுத்தனுப்ப இதை உறையில் போடுவதற்குள் லெபூசா பின்வாசல் வழியாக வந்து சேர்ந்தார். நம்மைத் திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நான் கட்டிலுக்கு அந்தப்பக்கம் போய் நின்றேன். மாலினேயோ அந்தப் புள்ளி மேலங்கியைப் போட்டுக்கொண்டு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "வேவு பாக்க வந்தவங்க கையில தகரக் குவளை எதுக்குங்க மூப்பரய்யா?" மனுஷன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாம் கேட்கிற மாடுகள் அத்தனைக்கும் சம்மதம், சபைக்கு மட்டும் தெரியவேண்டாமாம். ஆகையால் சனிக்கிழமை அவசியம் வா. வரும்போது நீ வடிக்கிற சோளக் கள் ஒரு குடம் கொண்டுவா. அவர் முன்னால் இஞ்சிப் பானம் என்று வைக்கப்போகிற பாட்டிலில் அதைத்தான் ஊற்றவேண்டுமாம். அந்தப் பாட்டிலைக் கழுவக்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.